மணவாளக்குறிச்சி மணலும் புற்றுநோயும்: கடற்கரையில் வீடு கட்டலாமா?

கேட்டவர் எழுதியதன் சுருக்கம் இது. சொந்த ஊர் குமரி மாவட்டத்தில், குளச்சலுக்கும் முட்டத்துக்கும் இடையே, மணவாளக்குறிச்சிப் பக்கம் ஒரு மீனவக் கிராமம். அப்பா நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். முதலில் கட்டுமரம், பிறகு வள்ளம். போன வருடம் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். ஊரே "மணல்தான் காரணம்" என்கிறது. அண்ணன் பழைய வீட்டை இடித்துவிட்டு அதே இடத்தில் புது வீடு கட்டப் போகிறார். மணலில் கதிர்வீச்சு இருப்பது உண்மையா, அதனால்தான் புற்றுநோயா, பிள்ளைகளை வைத்துக்கொண்டு அங்கே இருக்கலாமா என்று கேட்கிறார்.

நான் நிலவியல் நடத்தியவன், மருத்துவன் இல்லை. ஆனால் இந்தக் கேள்வி பாறையில் தொடங்கித்தான் மருத்துவத்துக்குப் போகிறது. அதனால் என் பக்கத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கதிர்வீச்சு இருப்பது உண்மை. அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. கன்னியாகுமரிக்குப் போனால் பல நிற மணலைப் பொட்டலம் போட்டு விற்பார்கள். அம்மனின் கல்யாணம் நின்றுபோனதால் சமையலுக்கு வைத்திருந்த அரிசியும் பருப்பும் மணலாகிவிட்டன என்று கதையும் சொல்வார்கள். அந்தப் பொட்டலம் ஒன்றை வாங்கி வெள்ளைத் தாளில் கொட்டி, கைலென்ஸ் வைத்துப் பாருங்கள். கரியாக மின்னுவது இல்மனைட். மாதுளை முத்துப்போல் சிவந்திருப்பது கார்னெட். நிறமில்லாத கண்ணாடி மணி சிர்கான். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை மேலே காட்டினால் கறுப்பில் கொஞ்சம் எழும்பி ஒட்டிக்கொள்ளும். மிச்சத்தைக் கிளறினால், முனை மழுங்கிய தேன் நிற மணிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரியும். அதுதான் மோனசைட். அருமண் தனிமங்களின் பாஸ்பேட் அது. நம் கரை மோனசைட்டில் நூற்றுக்கு எட்டு முதல் பத்துப் பங்கு தோரியம் ஆக்சைடு இருக்கிறது. கதிர் வீசுவது இந்தத் தோரியம்தான். அதன் அரை ஆயுள் (இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம்) 1,400 கோடி ஆண்டு, அதாவது பிரபஞ்சத்தின் வயதைவிடக் கொஞ்சம் அதிகம். நம் தாத்தா காலத்தில் வீசிய அதே அளவு கதிர்தான் பேரன் காலத்திலும் வீசும்.

இந்த மணிகள் கடலில் உண்டானவை இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் இருக்கும் சார்னோகைட், கொண்டலைட் பாறைகளில் கிட்டத்தட்ட 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பெரும் சூட்டிலும் அழுத்தத்திலும் படிகமானவை. (சார்னோகைட் என்ற பெயர் கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி ஏஜென்ட் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லைப் பார்த்து வைத்தது. சென்னைக்காரர்கள் தினமும் தாண்டிப் போகும் பல்லாவரம் குன்றும் அதே வகைப் பாறைதான்.) நம் ஊர் வெயிலும் மழையும் பாறையை மக்க வைக்கும்போது பெல்ஸ்பார் என்ற கனிமம் களிமண்ணாகிக் கரைந்து போகும். மோனசைட்டும் இல்மனைட்டும் மக்காது. வள்ளியாறும் குழித்துறையாறும் அவற்றைக் கடலுக்குக் கொண்டுவருகின்றன.

அடுத்த வேலை அலையுடையது. முறத்தில் அரிசி புடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பதர் முன்னால் பறக்கும், கனமானது பின்னால் தங்கும். ஆனி, ஆடிக் கடல் கரையில் செய்வது அதேதான். வெள்ளை மணலான குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, மோனசைட்டின் அடர்த்தி ஐந்தைத் தொடும். அலை வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு போக, கறுப்பு மணல் கரையில் படிகிறது. வருடம் ஒரு முறை என்று பல்லாயிரம் வருடம் புடைத்தால் என்ன மிஞ்சும் என்பதைத்தான் மணவாளக்குறிச்சியில் பார்க்கிறோம்.

ஒருமுறை மாணவர்களோடு அந்தக் கரையில் கதிர்வீச்சு மீட்டரைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது, வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பாட்டி கேட்டார்: "என்ன சாரே, மண்ணுல போயி என்னத்தத் தேடுதிய?" சொன்னேன். "அது பேசுமா?" என்றார். கறுப்புப் பட்டை மேல் மீட்டரை வைத்தபோது கடகடவென்று அடித்தது. பத்தடி தள்ளி வெள்ளை மணலில் வைத்தால் அடங்கிவிட்டது. "அப்ப இங்கின இருந்தா ஒண்ணுமில்ல, அங்கின இருந்தா கேடா?" என்று பாட்டி கேட்டதற்கு அன்று என்னிடம் நல்ல பதில் இல்லை. அவர் கேட்டதுதான் சரியான கேள்வி என்று பிறகு புரிந்தது. ஊர் முழுவதற்கும் ஒரே எண் கிடையாது. வீட்டுக்கு வீடு, தரைக்குத் தரை மாறும். இந்தக் கரையில் செய்யும் எந்த ஆய்வும் அந்த இடத்தில்தான் ஜெயிக்கும் அல்லது தோற்கும்.

இந்த மணலை உலகம் கண்டுபிடித்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில் செய்யத் தோரியம் தேவைப்பட்ட காலம் அது. ஓரிரு வருடத்தில் மணவாளக்குறிச்சியில் ஆலை வந்துவிட்டது. நம் கல்யாணப் பந்தல்களில் எரிந்த வெள்ளை வெளிச்சத்துக்கும் உங்கள் ஊர் மணலுக்கும் இப்படி ஒரு உறவு. 1950இல் இந்திய அருமண் நிறுவனம் உருவானது. இப்போது அதை ஐஆர்இஎல் என்கிறார்கள். ஊருக்கு அது எப்போதும் மணல் ஆலைதான்.

இனி புற்றுநோய். குமரிக் கரையும் கொல்லம் கரையும் நிலவியலில் ஒரே குடும்பம். பெரிய ஆய்வுகள் நடந்தது கொல்லத்தின் சவறா, நீண்டகரை, ஆலப்பாடு பக்கம், கருநாகப்பள்ளி தாலுகாவில். எண்ணில் சொன்னால், அங்கே கடலோரப் பஞ்சாயத்துகளில் வீட்டுக்கு வெளியே இருக்கும் கதிர்வீச்சின் இடைநிலை அளவு வருடத்துக்கு 4 மில்லிகிரேக்கு மேல். (கிரே என்பது வாங்கும் கதிரை அளக்கும் அலகு, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிகிரே.) சில இடங்களில் 70 வரை போகிறது. உலகச் சராசரியில் மண்ணிலிருந்து வரும் காமா, அதாவது ஊடுருவிச் செல்லும் கதிர், ஏறத்தாழ அரை மில்லிகிரேதான். உலகில் மனிதர்கள் நெருக்கமாக வாழும் அதிகக் கதிர்வீச்சு இடங்கள் ஒரு கைவிரலில் அடங்கும்: ஈரானின் ராம்சர், பிரேசிலின் குவராபாரி, சீனாவின் யாங்ஜியாங், பிறகு நம் கரை.

விஞ்ஞானிகள் இங்கே முதலில் பிடித்தது எலியை. லண்டனிலிருந்து ஹான்ஸ் க்ருனபெர்க் குழு 1960களில் கேரளக் கரையின் கருப்பு எலிகளைப் பிடித்து எலும்பையும் பல்லையும் அளந்தது. தலைமுறை தலைமுறையாக மணலோடு மணலாகக் கிடக்கும் எலியில் மரபுக் கேடு தெரியாவிட்டால் மனிதரில் தெரிவது கடினம் என்பது அவர்கள் கணக்கு. கதிர் மணல் எலிக்கும் சாதா மணல் எலிக்கும் வித்தியாசம் கிடைக்கவில்லை.

1976இல் நேச்சர் இதழில் கொச்சுப்பிள்ளை, வர்மா, கிரேவால், ராமலிங்கஸ்வாமி ஆகியோரின் கட்டுரை வந்தபோதுதான் ஊர் பதறியது. கதிர்ப் பகுதியில் சுமார் 13,000 பேரைப் பார்த்ததில் 12 பேருக்கு டவுன் குறைபாடு (குரோமோசோம் ஒன்று கூடுவதால் வரும் பிறவிக் குறை). ஒப்பீட்டுப் பகுதியில் சுமார் 6,000 பேரில் ஒருவருக்கும் இல்லை. பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் ஆயிரத்துக்கு ஒன்று என்பது உலகில் எங்கும் காணும் அளவுதான். விசித்திரமாக இருந்தது ஒப்பீட்டு ஊரின் பூஜ்யம். தாயின் வயது கூடக் கூட டவுன் வாய்ப்பும் கூடும். அதைச் சரிவரக் கணக்கில் எடுக்கவில்லை என்ற விமர்சனமும் எழுந்தது. பிறகு 1995 முதல் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் குழு அந்தப் பக்கத்து மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளைப் பல வருடம் தொடர்ந்து பரிசோதித்தது, 1.4 லட்சம் குழந்தைகளுக்கு மேல். இறந்து பிறப்பதற்கும் பெரிய பிறவிக் குறைகளுக்கும் கதிர்வீச்சு அளவோடு தொடர்பு தெரியவில்லை.

எல்லாமே இப்படி "ஒன்றுமில்லை" என்று வந்துவிடவில்லை. 2002இல் ஃபார்ஸ்டர் குழு அதே கரையில் 248 குடும்பங்களின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைப் பார்த்தது. தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும்போது நிகழும் எழுத்துப் பிழைகள் கதிர்ப் பகுதியில் கூடுதலாக இருந்தன. ஆனால் பரிணாமத்தில் வழக்கமாகப் பிழை விழும் அதே இடங்களில்தான் அவை விழுந்திருந்தன. இதை நோய் என்று படிப்பதும் தப்பு, இல்லவே இல்லை என்று மறைப்பதும் தப்பு. மண் உடம்புக்குள் கை வைக்கிறது. அந்தக் கை நோயாக மாறியதா என்பது வேறு கேள்வி.

அந்த வேறு கேள்விக்குத்தான் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1990இல் கருநாகப்பள்ளியில் புற்றுநோய்ப் பதிவேட்டைத் தொடங்கியது. தாலுகாவின் 3,85,103 பேர் விவரமும் வீடு வீடாக எடுத்தார்கள். வீட்டுக்குள்ளும் வெளியிலும் மீட்டர் வைத்தார்கள். பிறகு ஒரு நல்ல காரியம் செய்தார்கள்: யார் வீட்டில் எத்தனை மணி நேரம் இருக்கிறார்கள் என்று வயது, ஆண் பெண் பிரித்துக் கணக்கிட்டார்கள். இது ஏன் முக்கியம் என்றால், உங்கள் அப்பாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரியெல்லாம் கடலில். அவருக்கும் மணலுக்கும் நடுவில் பல ஆள் ஆழத்துக்குத் தண்ணீர். காமா அதைத் தாண்டி வராது. வீட்டில் இருந்த அம்மாவுக்குக் கிடைத்த அளவு அவருக்குக் கிடைத்திருக்காது. கடற்கரை ஊரில் மணலோடு அதிக நேரம் இருப்பவர்கள் பெண்களும் பிள்ளைகளும்தான்.

அதில் 30 முதல் 84 வயது வரை 69,958 பேரைச் சராசரி பத்தரை ஆண்டு தொடர்ந்தார்கள். 2005 முடிய 1,379 பேருக்குப் புற்றுநோய், அதில் 30 ரத்தப் புற்றுநோய். பீடிப் பழக்கத்தையும் சமூக நிலையையும் தனியே கழித்துப் பார்த்ததில், மண்ணின் காமா கதிரால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. 2009இல் வெளியான அந்தக் கட்டுரை சொல்லும் கூடுதல் ஆபத்தின் எண், ரத்தப் புற்றுநோய் நீங்கலாக, ஒரு கிரேக்கு மைனஸ் 0.13. (பூஜ்யம் என்றால் கூடவே இல்லை, பிளஸ் 0.5 என்றால் ஒரு கிரேக்குப் பாதி மடங்கு கூடும், மைனஸ் என்றால் குறையும்.)

இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு "கதிர் நல்லது" என்று வாட்ஸாப்பில் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்திலேயே இருக்கும் வரம்பைப் படிப்பதில்லை: மைனஸ் 0.58 முதல் பிளஸ் 0.46 வரை. உண்மை இந்த இடைவெளியில் எங்கேயும் இருக்கலாம் என்று அர்த்தம். ஹிரோஷிமா, நாகசாகியில் தப்பியவர்களிடமும் அணு நிலையத் தொழிலாளர்களிடமும் கிடைத்த எண் ஒரு கிரேக்கு அரை அளவில் வருகிறது. கருநாகப்பள்ளியின் மேல் வரம்பு அதற்கு ஒரு முடி கீழே நிற்கிறது. நான் இதைப் படிப்பது இப்படி: ஊர் பயப்படுகிற மாதிரி வீட்டுக்கு வீடு புற்றுநோய் வரவழைக்கும் ஆபத்து அங்கே இல்லை, அது இருந்திருந்தால் இந்த ஆய்வில் கட்டாயம் மாட்டியிருக்கும். சிறிய ஆபத்து இருந்தால் அதைப் பிடிக்க இந்த வலையின் கண்ணி போதாது.

சிறியது என்றால் எவ்வளவு? கையால் போட்டே பார்க்கலாம். வருடம் 4 மில்லிகிரே வீதம் ஐம்பது வருடம் என்றால் 200 மில்லிகிரே, 0.2 கிரே. மோசமான பக்க எண்ணையே வைத்து 0.5ஆல் பெருக்கினால் பத்து சதம். நூறு பேருக்கு வரும் இடத்தில் நூற்றுப்பத்துப் பேருக்கு வரலாம், அதிகபட்சமாக. கறுப்புப் பட்டை மேலேயே வீடு, வருடம் 20 மில்லிகிரே என்றால் கணக்கு மாறும். ஐம்பது வருடத்தில் ஒரு கிரே ஆகிவிடும். அப்படிப்பட்ட வீடுகள் குறைவு, ஆனால் உண்டு. பாட்டி கேட்ட "இங்கினயா, அங்கினயா" என்பது இதற்குத்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த ஆய்வு கொல்லத்தில் நடந்தது. மணல் ஒன்று, மக்களின் தொழிலும் சாப்பாடும் கிட்டத்தட்ட ஒன்று. ஆனாலும் முடிவு தானாக எல்லை தாண்டி இனயத்துக்கும் கடியப்பட்டினத்துக்கும் வந்துவிடாது. இதே அளவில், இதே பொறுமையோடு, வீடு வீடாகக் குமரிக் கரையிலும் எண்ணச் சொல்லிக் கேட்பது ஊரின் நியாயமான கோரிக்கை. "எங்கள் தெருவில் எட்டுப் பேர்" என்பதை யாரும் கேலி செய்யக் கூடாது. அந்த எட்டு பேரில்தான் பதிவேடு தொடங்குகிறது. ஆனால் எட்டு பேரோடு அது முடிவதில்லை. தெருவில் மொத்தம் எத்தனை பேர், என்ன வயது, என்ன பழக்கம் என்பதையும் எழுதியாக வேண்டும்.

அப்பாவைப் பற்றி. கஷ்டமான இடம், ஆனால் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். ஒரு தனி மனிதரின் கட்டியைப் பார்த்து "இது கதிரால் வந்தது" என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. அதில் முத்திரை கிடையாது. அவர் பீடி குடித்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. கருநாகப்பள்ளியின் அதே பதிவேட்டில், கதிர்வீச்சில் தெரியாத தொடர்பு பீடிக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் இடையே பளிச்சென்று தெரிந்தது. அதுவும் பத்து சதம் இல்லை, மடங்குக் கணக்கில். வாய்ப் புற்றுநோய்க்கும் மெல்லும் புகையிலைக்கும் அப்படியே. ராத்திரிக் கடலில் தூக்கம் வராமலிருக்க ஒரு பீடி, வலை இழுத்த பிறகு ஒரு பீடி என்பது அந்தத் தொழிலோடு வந்த பழக்கம். போனவர் மேல் பழி போட இதைச் சொல்லவில்லை. அண்ணன் குடிக்கிறாரா என்று பாருங்கள். மணலைவிட அது அவசரம்.

ஊர் மணலைக் குற்றம் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு என்று நினைக்கிறேன். மணல் என்றால் அங்கே ஆலையும் சேர்த்துத்தான். தாது மணல் வெட்டியதில் நடந்த முறைகேடுகளும், 2013இல் தமிழக அரசு தனியார் அள்ளுவதைத் தடுத்ததும், பிறகு கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் ஐஆர்இஎல் திட்டத்துக்கு 2024இல் எழுந்த எதிர்ப்பும் அந்த மக்களின் மனதில் ஒரே கதையாக இருக்கின்றன. ஆலைத் தரப்பு சொல்லும் வாதம்: "மோனசைட்டை எடுத்துவிட்டு மிச்ச மணலைத் திருப்பிக் கொட்டினால் கதிர்வீச்சு குறையும்." இயற்பியலில் இது சரி. மோனசைட் போனால் கதிரும் போகும். ஆனால் மணல் மேடு என்பது கதிர் மட்டும் இல்லை. அடும்புக்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் வேர் விட்டுப் பிடித்து வைத்த மேடு அது. திருப்பிக் கொட்டிய மணலில் அந்தப் பிடிப்பு இருக்காது. மேட்டுக்குள் மழைத் தண்ணீர் இறங்கி, உப்புத் தண்ணீரின் மேல் நல்ல தண்ணீர் மிதந்து நிற்கிறது. கடலோரக் கிணற்றில் குடிக்கும் தண்ணீர் கிடைப்பது அதனால்தான். மேடு போனால் கிணறு கரிக்கும். 2004 டிசம்பரில் கொட்டில்பாடும் குளச்சலும் மணக்குடியும் எத்தனை பேரை இழந்தன என்பதை மறக்காத மக்களிடம் மேட்டை வெட்டுவதைப் பற்றிப் பேசும்போது, மில்லிகிரேக் கணக்கு மட்டும் பேசினால் எடுபடாது, எடுபடவும் வேண்டாம். கருநாகப்பள்ளி ஆய்வு, மணலோடு வாழ்வதைப் பற்றியது. மணலை வெட்டலாமா என்பதற்கு அது அனுமதிச் சீட்டு இல்லை.

இனி வீடு. கட்டலாம். சில விஷயங்களை அண்ணனிடம் சொல்லுங்கள். மனையில் மேலே கறுப்பு மணல் படிந்திருந்தால் அதை வழித்துவிட்டு அஸ்திவாரம் தோண்டட்டும். அஸ்திவாரத்துக்கு நடுவே நிரப்ப, பக்கத்தில் கிடக்கிறது, காசில்லை என்று கரை மணலை அள்ளிப் போட வேண்டாம். கரையைவிட்டுத் தள்ளியிருக்கும் இடத்திலிருந்து செம்மண்ணோ கல்தூளோ வரட்டும். தரைக்கு நாலைந்து அங்குலம் கான்கிரீட் போட்டாலே கீழிருந்து வரும் காமா ஏறக்குறையப் பாதியாகும். பழைய மண் தரை வீட்டைவிடப் புது வீடு இந்த விஷயத்தில் நல்லதுதான். தோரியத்திலிருந்து தோரான் என்ற வாயுவும் வரும். அதன் அரை ஆயுள் ஒரு நிமிடம்கூட இல்லை, அதனால் வெகுதூரம் போகாது. பூச்சும் பெயின்ட்டும் அதில் பெரும்பகுதியைச் சுவருக்குள்ளேயே நிறுத்திவிடும், ஜன்னலைத் திறந்து வைத்தால் மிச்சமும் குறையும். மனையை அளந்து பார்க்க ஆசைப்பட்டால், நாகர்கோவில் பக்கம் இயற்பியல் துறை உள்ள கல்லூரி எதிலாவது மீட்டர் இருக்கிறதா என்று விசாரித்து, ஒரு மாலை வரச் சொல்லுங்கள். படுக்கையறை வரும் இடத்தில் முதலில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு அங்கேதான் கழிகிறது.

பூச்சு வேலைக்குக் கடல் மணல் எடுக்கலாமா என்று கொத்தனார் கட்டாயம் கேட்பார். தோரியத்தை விடுங்கள், அதிலிருக்கும் உப்பே பத்து வருடத்தில் கம்பியைத் தின்றுவிடும்.